முதுகில் ஒரு மான்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் எழுதப்போவதில் பாதி என் வாயால் வந்தது. "உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம்டி" என்று அம்மா சின்ன வயதிலேயே சொல்லிவிட்டாள். கட்டிக்கொண்டவர் கம்ப்யூட்டர் வேலைக்காரர். நாள் முழுக்கக் காதில் ஹெட்போன் மாட்டியிருப்பார். அதனால் பிழைத்தார்.

மதுரையிலிருந்து ஆக்லாந்துக்கு வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மரவீட்டின் பின்பாதியில் வாடகைக்கு இருந்தோம். டீசல் ரயில்கள் போய் மின்சார ரயில்கள் வந்துகொண்டிருந்த காலம். காலையில் ரயிலேறி, நடுவில் ஒருமுறை மாறி, பென்ரோஸில் இறங்குவேன். அங்கே பெரிய பெரிய கிடங்குகளுக்கு நடுவில் ஒரு தகரக் கொட்டகைதான் எங்கள் கடை. தொப்பியிலும் சட்டையிலும் கம்பெனிகளின் லோகோவை எம்பிராய்டரி போட்டுக் கொடுப்போம். வாடிக்கையாளர் சொல்வதை வரைவதும், வரைந்ததை மெஷினுக்குப் புரிகிற மாதிரி தையல் தையலாகக் கம்ப்யூட்டரில் மாற்றுவதும் என் வேலை. மெஷினை ஓட்டுவது யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். முதலாளி மலேசியத் தமிழர்.

நம் ஊரில் கேள்வி கேட்பது எப்போதும் பதிலுக்காக இல்லை. "நான் என்ன வானத்துல இருந்தா குதிச்சேன்?" என்று ஒருத்தி கேட்டால், "இல்லை, விமானத்தில் வந்தீர்கள்" என்று யாரும் சொல்வதில்லை. இந்தப் பழக்கத்தை நான் அப்படியே ஆங்கிலத்துக்கும் கொண்டுபோயிருந்தேன். நூலின் சாயம் போகுமா என்று ஒரு வாடிக்கையாளர் நாலாவது தடவை கேட்டபோது, "என்ன, சட்டையை அடுப்புல வச்சு வேகவைக்கப் போறீங்களா?" என்றேன். அவர் யோசித்துவிட்டு, "இல்லை, குளிர்ந்த தண்ணீரில்தான் துவைப்போம்" என்றார். முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார்.

"என்னாம்மா நீ, கஸ்டமர்கிட்ட இப்படிக் கேக்கறே? நம்மாளுன்னா சிரிச்சிட்டுப் போவான். இவங்க நீ கேட்டா பதில் சொல்லுவாங்க லா" என்றார்.

நான் தலையாட்டினேன். தலையாட்டினதோடு சரி.

அந்த மனிதர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கதவு நிறைய ஆள், ஆனால் பெண் பார்க்க வந்த வீட்டில் உட்காருவதைப் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கையில் ஒரு பழைய பச்சைத் தொப்பி. அதில் நூல் பிரிந்துபோன ஒரு மான் தலை. தான் ஒரு வேட்டைச் சங்கத்தில் இருப்பதாகவும், சங்கத்தில் எல்லோரும் இனி சட்டைக்கு மேல் கையில்லாத ஆரஞ்சு நிற வெஸ்ட் போட வேண்டும் என்று முடிவாகியிருப்பதாகவும், அதற்குப் புதிதாக ஒரு லோகோ வேண்டும் என்றும் சொன்னார். அவர் பேசியது ஆங்கிலம். இங்கே தமிழில் எழுதுவது என் காதில் விழுந்தபடி.

வேட்டை என்றதும் எனக்குள் ஒரு முகச்சுளிப்பு வந்தது. இத்தனைக்கும் நான் கறி சாப்பிடுகிறவள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுத்தொடையைக் கைகாட்டி வாங்கும்போது வராத நியாயம், மான் என்றதும் வந்துவிட்டது. இந்த நாட்டில் மான் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட பிராணி, காட்டைத் தின்று அழிக்கிறது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

முதலில் நான் வரைந்தது புள்ளிமான். மான் என்றால் என் கைக்குத் தெரிந்தது அதுதான். அக்கா மெஷினை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை இது, பள்ளிக்கூடப் புத்தகத்தில இருக்கிற மான் எல்லே? இவங்கட காட்டில இது நிக்குமோ?"

"மான்னா மான்தானேக்கா. நான் என்ன காட்டுக்குப் போயா பாத்துட்டு வர முடியும்?"

"ஓம் ஓம். அந்த மனுசன் சிரிக்கப் போறார், இருந்து பாரும்."

சிரிக்கத்தான் செய்தார். அதிகமில்லை, உதட்டோரம் கொஞ்சம். எங்கள் மானுக்குப் புள்ளி கிடையாது என்று சொல்லி, போனில் நாலைந்து படங்கள் காட்டினார். செம்மான். கழுத்தில் பிடரிமயிர், தலைக்கு மேல் முருங்கை மரம் மாதிரி கிளைவிட்ட கொம்பு. இரண்டு நாள் உட்கார்ந்து பன்னிரண்டு கிளையோடு ஒரு தலையை வரைந்தேன். என் கை எனக்கே பிடித்துப்போனது அந்தப் படத்தில்தான். முதுகு நிறைய வருகிற மாதிரி வைத்து அனுப்பினேன்.

"சின்னதாக்கலாமா?" என்று பதில் வந்தது.

சின்னதாக்கினேன். நிறத்தை மாற்றலாமா என்றார். மாற்றினேன். கொம்பை எடுத்துவிட்டுப் பார்க்கலாமா என்றார். கொம்பில்லாத ஆண்மான் கழுதை மாதிரி இருந்தது, அதையும் அனுப்பினேன். பிறகு கொம்பு இருக்கட்டும் என்றார். எது சரியில்லை என்று கேட்டால், "படம் நல்லா இருக்கு. என்னன்னு தெரியலை" என்பார். ஐந்தாவது தடவை எனக்குத் தலை கொதித்தது. நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்று இந்த ஆளோடு எத்தனை நாள் மல்லுக்கட்டுவது என்று அக்காவிடம் புலம்பினேன்.

"ஒரு வெஸ்ட்டில அடிச்சுக் காட்டுவம். துணியில பாத்தால் அவருக்கு விளங்கும்" என்றார் அக்கா.

அப்படியே செய்தோம். அன்று தூறல். அவர் வந்து, ஆரஞ்சுத் துணியில் பழுப்பு நூலில் தைத்திருந்த மானை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, தூரத்திலிருந்து பார்க்க வேண்டும், இதைப் போட்டுக்கொண்டு அந்தக் கடைசியில் போய் நிற்க முடியுமா என்று என்னிடம் கேட்டார்.

எங்கள் கார் நிறுத்துமிடத்தின் கடைசியில் கருங்கல் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ரயில் தண்டவாளம், இந்தப் பக்கம் யாரும் வெட்டாமல் காடாக வளர்ந்த செடிகள். வெஸ்ட் எனக்கு முழங்கால் வரை வந்தது. நனைந்துகொண்டே அறுபது எழுபது தப்படி நடந்து போய், அவருக்கு முதுகைக் காட்டி நின்றேன். ஒரு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம் ஆனது.

"கொஞ்சம் உள்ளே போங்க, செடிக்குள்ள" என்று குரல் வந்தது.

போனேன். ஈர இலை முகத்தில் அறைந்தது. செருப்புக்குள் சேறு ஏறியது. ரயிலில் போகிறவர்கள் வேறு பார்க்கிறார்கள். "லேசா குனிங்க" என்றார். அவ்வளவுதான், எனக்குள் இருந்த மதுரைக்காரி எழுந்துவிட்டாள். திரும்பி நின்று அங்கிருந்தே கத்தினேன்.

"என்ன, என்னை மான்னு நினைச்சு யாராவது சுட்டுடப் போறாங்களா?"

அவர் நடந்து வந்தார். அவ்வளவு தூரத்தையும் நிதானமாக நடந்து, என்னிடமிருந்து ஒரு கை தூரத்தில் நின்றார். தொப்பியைக் கழற்றியிருந்தார். வழுக்கைத் தலையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"சுட்டுடுவாங்க. நான் சுட்டேன்" என்றார்.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். நான் செடிக்குள் நின்றபடி அதை உணர்ந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூட அந்த நேரத்தில் தோன்றவில்லை. உடம்பு கூசிப்போய் நின்றேன்.

அங்கேயே, மழையிலேயே சொன்னார். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஏப்ரல் மாதம். ஏப்ரலில் இங்கே ஆண்மான்கள் துணைக்காக அடிவயிற்றிலிருந்து கத்துமாம். வேட்டைக்குப் போகிறவர்கள் அதைப் போலவே கத்துவார்கள். போட்டிக்கு இன்னொரு மான் வந்துவிட்டது என்று நினைத்து நிஜ மான் பதில் குரல் கொடுக்கும், கிட்டே வரும். அவரும் அவருடைய சிநேகிதரும் முப்பது வருடமாகச் சேர்ந்து போகிறவர்கள். அன்று காலை ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள். இவர் ஒரு சரிவில் உட்கார்ந்து கத்தினார். எதிர்ச் சரிவிலிருந்து பதில் வந்தது. மறுபடி கத்தினார். மறுபடி பதில் வந்தது. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கிட்டே.

"அவனும் என்னை மான்னுதான் நினைச்சிருக்கான். அரை மணி நேரம் நாங்க ரெண்டு பேரும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கோம்."

பிறகு செடி அசைந்தது. பழுப்பாக ஒன்று தெரிந்தது.

"கொம்பு பார்த்தேன். போலீஸ்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். அங்க கொம்பு இல்லை. அவன் கோட்டும் தொப்பியும்தான் இருந்தது. ஆனா நான் பார்த்தேன். இப்பவும் கண்ணை மூடினா அந்தக் கொம்பு தெரியுது."

நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனையை அனுபவித்தார். துப்பாக்கி உரிமம் போய்விட்டது. சங்கத்தில் அவரைப் போ என்று யாரும் சொல்லவில்லை, பக்கத்தில் வந்து உட்காரவும் இல்லை. காட்டில் ஆள் என்று தூரத்திலிருந்தே தெரிய ஆரஞ்சு வெஸ்ட் கட்டாயம் என்று தீர்மானம் வந்தபோது, அந்த வேலையைத் தனக்குக் கொடுங்கள் என்று இவரே எழுந்து கேட்டிருக்கிறார். கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு. இறந்துபோனவரின் மனைவியும் அந்தச் சங்கத்தில் இருப்பவர். அவர் சரி என்று சொன்னால்தான் எந்தப் படமும் வெஸ்ட்டில் ஏறும். நான் வரைந்த ஐந்தையும் இவர் அந்த அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறார். ஒன்றுக்கும் பதில் இல்லை. அந்தக் காலைக்குப் பிறகு அவர் இவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

"வேண்டாம்னு அவங்க சொல்லிட்டா நான் சங்கத்தை விட்டுப் போயிடுவேன். அதுக்கப்புறம் எனக்குப் போக வேற இடம் இல்லை" என்றார். பிறகு, "உங்க படத்துல தப்பே இல்லை. இப்பத்தான் எனக்குப் புரியுது. மனுஷன் முதுகுல மானை வச்சிருக்கோம்" என்றார்.

நான் அந்த வெஸ்ட்டைக் கழற்றி, மான் உள்பக்கம் போகிற மாதிரி மடித்தேன். "என்னை மன்னிச்சிடுங்க" என்று அப்போதுதான் வாயில் வந்தது. "நீங்க கேள்விதானே கேட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அந்த மனிதருக்காகவா, என் வாயை நினைத்தா, தெரியவில்லை. அக்கா நூல்கண்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் எண்டுறது. ஆசைப்பட்ட கண்ணுக்கும் அப்பிடித்தான், பிள்ளை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மனுசன் என்னத்தால பாத்தவர் எண்டு கேட்டனீரோ?" என்றார்.

"என்னத்தாலன்னா?"

"வெறுங்கண்ணாலயோ, கண்ணாடி ஏதும் வச்சோ?"

மறுநாள் போன் செய்து கேட்டேன். பதிலுக்காகவே கேட்கிறேன் என்று முதலிலேயே சொன்னேன். துப்பாக்கியின் மேல் குறிபார்க்க வைத்திருந்த ஸ்கோப் வழியாகத்தான் பார்த்தாராம். பார்க்கிற கண்ணும் சுடுகிற விரலும் ஒரே இடத்தில் இருந்தால் அப்படித்தான் ஆகும், முதலில் பைனாகுலரில் பார்க்க வேண்டும், அதுதான் முறை என்றார். அவருடைய பைனாகுலர் அன்று பையின் அடியில் கிடந்தது.

"அவன்தான் எப்பவும் கழுத்துல மாட்டியிருப்பான். எதையும் ரெண்டு தடவை பார்ப்பான். நாங்க கேலி பண்ணுவோம், நீ பார்த்து முடிக்கிறதுக்குள்ள மான் கிழடாயிடும்னு. வார் அறுந்துபோய் ஒரு ஷூ லேஸை முடிச்சுப் போட்டு வச்சிருந்தான், இடது பக்கம். புதுசு வாங்குடான்னா வாங்க மாட்டான்."

நான் கேள்வியை நிறுத்திக்கொண்டு வரைய ஆரம்பித்தேன். மான் இல்லை, துப்பாக்கி இல்லை. ஒரு பைனாகுலர் மட்டும், வாரோடு. நெஞ்சில், நிஜமாக அது தொங்குகிற இடத்தில். முதுகில் ஒன்றுமே வேண்டாம், வெறும் ஆரஞ்சாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். வாரின் இடது பக்கம் ஒரு முடிச்சு. அந்த முடிச்சுதான் என் உயிரையும் அக்காவின் உயிரையும் எடுத்தது. துணியில் அது மூன்று மில்லிமீட்டர். அந்த அளவில் நூல் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கட்டி தட்டிவிடும், முடிச்சு தெரியாது, பூச்சி உட்கார்ந்த மாதிரி இருக்கும். மெல்லிய நூலும் சின்ன ஊசியும் போட்டுக் கழிவுத் துணியில் அக்கா திரும்பத் திரும்ப அடித்தார். நான் தையலைக் குறைத்துக் குறைத்துக் கொடுத்தேன். "விடுக்கா, யார் பாக்கப் போறா" என்று ஒருதரம் நானே சொன்னேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்வியையும் வாபஸ் வாங்கிக்கொண்டேன். நாலாவது நாள் முடிச்சு முடிச்சாக விழுந்தது.

படம் போனது. இரண்டு வாரம் சத்தமில்லை. பிறகு அந்த அம்மாவிடமிருந்து எங்கள் கடைக்கே ஒரு வரி வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் நேரில் வந்து பார்க்கிறேன், அவரையும் வரச் சொல்லுங்கள்.

அவர் அரை மணி முன்னதாகவே வந்து ஷட்டர் ஓரமாக நின்றார். உட்காரச் சொன்னேன், மாட்டேன் என்றார். அந்த அம்மா தன் காரில் வந்தார். ஒல்லியான உருவம், நரைத்த குட்டை முடி, ஏதோ பள்ளிக்கூடத்தின் அடையாள அட்டை கழுத்தில். ஷட்டர் ஓரம் நின்றவரைப் பார்க்காமல் கடந்து மேஜைக்கு வந்தார். நான் வெஸ்ட்டை விரித்து வைத்தேன்.

முதலில் முதுகைத் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லாததைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முன்பக்கம். விரல் பைனாகுலரின் மேல் போய், வாரின் வழியே ஏறி, இடது பக்கம் முடிச்சில் நின்றது. அங்கிருந்து அது நகரவில்லை.

"இது யார் சொன்னது?"

நான் வாயைத் திறக்கவில்லை. ஷட்டர் பக்கம் பார்த்தேன். என் வாழ்க்கையில் வாயை மூடிக்கொண்டு ஒரு பதில் சொன்னது அன்றுதான்.

அந்த அம்மா மேஜையில் இருந்த ஆர்டர் தாளை எடுத்தார். சங்கத்தில் யார் யாருக்கு எந்த அளவு என்று அந்த மனிதர் கைப்பட எழுதிக்கொடுத்த பட்டியல். மேலிருந்து கீழே படித்தார். மறுபடி படித்தார்.

"உன்னுது எங்கே?" இரண்டு வருடத்துக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"எனக்கு எதுக்கு. நான்தான் இனிமே காட்டுக்குள்ள போகப் போறதில்லையே" என்றார் அவர்.

அந்த அம்மா வெஸ்ட்டை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் நீட்டினார். "போட்டுக்கிட்டு அங்க போய் நில்லு" என்று செடிகளைக் காட்டினார். அவர் போட்டுக்கொண்டார். ஜிப் இரண்டு தடவை மாட்டாமல் போனது. நடந்து போனார். நான் அன்று நின்ற அதே இடத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். யாரும் சொல்லாமலே செடிக்குள் ஒரு அடி வைத்தார். யாரும் சொல்லாமலே கொஞ்சம் குனிந்தார். அக்கா மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்திருந்தார்.

அந்த அம்மா ஷட்டருக்குக் கீழே நின்று பார்த்தார். ஒருவர் இன்னொருவரை இவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. தண்டவாளத்தில் ஒரு ரயில் வந்தது, போனது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அங்கே என்ன தெரியுது உனக்கு?" என்று என்னைக் கேட்டார்.

பதில் வேண்டித்தான் கேட்டார். முகத்தில் தெரிந்தது.

"ஒரு மனுஷன் தெரியுது" என்றேன்.

அவர் இன்னும் ஒரு தடவை பார்த்தார். இரண்டாவது தடவை.

"ஆமா. எனக்கும்" என்றார். பிறகு என் பேனாவை வாங்கி, பட்டியலின் கடைசியில் அந்த மனிதரின் பெயரையும் அளவையும் தானே எழுதினார்.